வரலாற்றுப் பொம்மைகள்: முதலில் அறையைத் தேர்ந்தெடுங்கள்

அமெரிக்கன் கேர்ள் நிறுவனத்தின் வரலாற்றுப் பொம்மைகள் ஒவ்வொன்றும் அமெரிக்க வரலாற்றின் ஒரு காலத்தைச் சேர்ந்த கற்பனைச் சிறுமி. இவற்றைச் சேர்க்கத் தொடங்குகிறவர்கள், எந்தச் சிறுமியின் பொம்மையை முதலில் வாங்குவது என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். பொம்மையை ஒருமுறை வாங்கினால் அந்தச் செலவு முடிந்துவிடும். அவளுக்கான கட்டிலும் மேசையும், விளக்கும் பாத்திரமும், பள்ளிப் பையும் போர்வையும் அப்படி முடிவதில்லை. அவற்றைத் தேடுவதிலும் பொருத்துவதிலும் வைக்க இடம் காண்பதிலுமே பணமும் காலமும் கரைகின்றன. ஆகவே எந்தக் காலத்து அறையை நம் வீட்டில் நிறுத்த முடியும், அதை எந்த அளவில் நிறுத்த முடியும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த அறைக்கு உரியவளைப் பிறகு அழைத்து வருவதே சரியான வரிசை என்பது என் கருத்து. இந்தக் கட்டுரையில் வரும் ஒப்பீடுகள் அனைத்தும் அந்த வரிசையில்தான் அமைந்துள்ளன.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆசிரியராகவும் பாடநூல் எழுத்தாளராகவும் பணியாற்றிய பிளெசன்ட் ரோலண்ட் 1986இல் விஸ்கான்சின் மாநிலத்தில் தொடங்கிய பிளெசன்ட் கம்பெனிதான் இன்றைய அமெரிக்கன் கேர்ள். அது முதலில் மூன்று சிறுமிகளை வெளியிட்டது: 1854இல் சுவீடனிலிருந்து மினசோட்டாவுக்குக் குடியேறும் கிர்ஸ்டன், 1904இல் நியூயார்க் மாநிலத்தில் பணக்காரப் பாட்டியின் வீட்டில் வளரும் சமந்தா, 1944இல் இல்லினாயில் போர்க்காலத்தைக் கடக்கும் மோலி. பின்னர் 1774இன் ஃபெலிசிட்டி, 1864இன் ஆடி, 1824இன் ஹோசஃபீனா, 1934இன் கிட் என்று வரிசை நீண்டது. நெடுங்காலம் எல்லாருடைய ஆண்டும் நான்கில்தான் முடிந்தது; 1812இன் கரோலினும் 1941இன் நானேயாவும் போன்றவர்கள் அந்த வழக்கத்தை மீறிப் பின்னால் வந்தவர்கள். ஒவ்வொருத்திக்கும் கதைப் புத்தகங்கள் உண்டு. கதையில் அவள் எதைத் தொடுகிறாளோ அது விற்பனைப் பட்டியலிலும் இருக்கும் என்பதுதான் இந்தத் தொகுப்பின் அடிப்படைத் திட்டம். 1998இல் பார்பி பொம்மைகளைச் செய்யும் மட்டெல் நிறுவனம் 70 கோடி டாலருக்கு பிளெசன்ட் கம்பெனியை வாங்கியது. 2021இல் இந்தப் பொம்மைகள் அமெரிக்காவின் தேசியப் பொம்மைப் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டன.

முதல் முடிவு அளவைப் பற்றியது. பொம்மையின் உயரம் 18 அங்குலம், அதாவது ஏறத்தாழ 46 சென்டிமீட்டர். ஒன்பது, பத்து வயதுச் சிறுமியின் உயரம் சுமார் 135 சென்டிமீட்டர் என்று கொண்டால், இது ஒன்றுக்கு மூன்று என்ற விகிதம். கேட்பதற்குச் சிறிய எண்ணாகத் தோன்றினாலும் வீட்டுக்குள் கொண்டுவரும்போதுதான் அதன் பருமன் தெரியும். பத்தடிக்குப் பத்தடி கொண்ட எளிய படுக்கையறையை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தாலும் அது தரையில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் இடத்தைக் கேட்கும். சேகரிப்பவர்கள் பலர் மரச்சாமான் நிறுவனமான ஐகியாவின் பில்லி அலமாரியைப் பயன்படுத்துகிறார்கள். அதன் அகலம் 80 சென்டிமீட்டர், ஆழம் 28 சென்டிமீட்டர். இந்த ஆழத்தில் ஒரு கட்டிலைச் சுவரோடு ஒட்டி நீளவாக்கில் போடலாம், அவ்வளவுதான். கட்டிலின் முன்னால் ஒரு நாற்காலி வைக்க இடம் இருக்காது. ஐகியாவின் கல்லாக்ஸ் அலமாரியின் சதுர அறைகளோ 33 சென்டிமீட்டர் உயரம் மட்டுமே உள்ளவை. அதில் இந்தப் பொம்மை உட்காரலாம், நிற்க முடியாது. மேல்தட்டு ஒன்றைக் கழற்றி உயரத்தைக் கூட்டிய அலமாரியோ, சுவரோரத்து நீண்ட மேசையோ, பயன்படாமல் கிடக்கும் கணப்படுப்பு மாடமோ இருந்தால்தான் 18 அங்குல அறை அறையாகத் தெரியும்.

இடம் போதாதவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது அமெரிக்கன் கேர்ள் நிறுவனத்தின் சின்னப் பொம்மைகள். ஆறு முதல் ஆறரை அங்குலம் வரை உயரமுள்ள இவை பெரிய பொம்மையின் முகத்தையும் உடையையும் அப்படியே சுருக்கிக் காட்டுகின்றன, விலையும் குறைவு, கல்லாக்ஸின் ஒரு சதுரத்துக்குள் ஒரு முழு அறை அடங்கிவிடும். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, வாங்குகிறவர்கள் அதைத் தாமதமாகத்தான் கண்டுகொள்கிறார்கள். பொம்மை வீடுகளுக்கான மரச்சாமான்கள் உலகெங்கும் ஒன்றுக்கு பன்னிரண்டு என்ற விகிதத்தில் செய்யப்படுகின்றன. அந்த விகிதத்தில் பத்து வயதுச் சிறுமி 11 சென்டிமீட்டர்தான் இருக்க வேண்டும். இந்தச் சின்னப் பொம்மையோ 15 முதல் 16 சென்டிமீட்டர். அதாவது ஒன்றுக்கு எட்டரை அல்லது ஒன்பது. பார்பிக்குச் செய்யும் ஒன்றுக்கு ஆறு விகிதச் சாமான்கள் அவளுக்குப் பெரியவை, பொம்மை வீட்டுச் சாமான்கள் சிறியவை. எனவே சின்னப் பொம்மையைத் தேர்ந்தெடுப்பவர் தாமே மரச்சாமான் செய்யத் தயாராக இருக்க வேண்டும், அல்லது நாற்காலியில் அவள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வழி, பொம்மையை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு ஒன்றுக்கு பன்னிரண்டு விகிதத்தில் வரலாற்று அறைகளை மட்டுமே அமைப்பது. இதன் உச்சத்தைக் காண விரும்புபவர்கள் சிகாகோ கலைக்கூடத்தில் உள்ள தோர்ன் அறைகளைப் பார்க்க வேண்டும். நார்சிஸா நிப்ளாக் தோர்ன் 1932க்கும் 1940க்கும் இடையில் கைவினைஞர்களைக் கொண்டு செய்வித்த 68 அறைகள் அங்கே இருக்கின்றன. ஐரோப்பிய, அமெரிக்க வீட்டு உள்ளலங்காரத்தின் பல நூற்றாண்டுகள் அவற்றில் அடங்கியுள்ளன. ஓர் அறையிலும் மனித உருவம் கிடையாது. யாரோ இப்போதுதான் எழுந்து வெளியே போனதுபோல் ஒரு புத்தகம் திறந்து கிடக்கும், அவ்வளவே. ஆளில்லாத அந்த அறைகள் தரும் நம்பகத்தன்மையை 18 அங்குலப் பொம்மை நிற்கும் எந்த அறையும் தந்துவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வரலாற்றுப் பொம்மையைச் சேர்க்க வந்தவருக்கு வேண்டியது ஆளில்லாத அறை அல்ல. ஒரு காலத்தில் ஒரு சிறுமி எப்படி இருந்தாள் என்பதுதான். குறிப்பாகக் குழந்தை இருக்கும் வீட்டில், தொட்டு எடுத்து உடை மாற்றிப் படுக்க வைக்கக் கூடியது பெரிய பொம்மை மட்டுமே. இடமும் அனுமதித்தால் 18 அங்குலத்தையே தேர்ந்தெடுங்கள் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

அடுத்தது புதியதா, பழையதா என்ற கேள்வி. இதைப் பற்றிச் சேகரிப்பவர்களிடையே ஓயாத வாதம் உண்டு. அதில் பாதிக்கு மேல் பாசத்தால் வருவது. தொடக்க ஆண்டுகளில் இந்தப் பொம்மைகளை ஜெர்மனியின் கோட்ஸ் நிறுவனம் செய்து கொடுத்தது. அக்காலப் பொம்மைகளின் துணி உடல் வெண்மையானது. 1991இல் கழுத்து தாழ்ந்த கவுன் அணிந்த ஃபெலிசிட்டி வந்தபோது வெள்ளைத் துணி வெளியே தெரிந்ததால், எல்லாருடைய உடலும் தோல் நிறத்துக்கு மாற்றப்பட்டது. ஆகவே வெள்ளை உடல் என்றால் அது தொடக்க காலத்தது என்று துணிந்து சொல்லலாம். ஆனால் கழுத்தின் பின்புறம் 'பிளெசன்ட் கம்பெனி' என்று பொறித்திருப்பதை மட்டும் வைத்து, இது மட்டெல் வாங்குவதற்கு முந்தையது என்று யாராவது விலையைக் கூட்டினால் நம்ப வேண்டாம். நிறுவனம் கைமாறிய பிறகும் சில ஆண்டுகள் அந்தப் பொறிப்பு தொடர்ந்தது.

புதிய பொம்மையின் நன்மை எளிமையானது: கைகால் இறுக்கமாக இருக்கும், தலைமுடி கலையாதிருக்கும், கண் பளிச்சென்று இருக்கும். குறை என்னவென்றால், நமக்கு வேண்டிய பெண் வேண்டிய நேரத்தில் விற்பனையில் இருப்பதில்லை. கிர்ஸ்டன், ஃபெலிசிட்டி, மோலி ஆகியோர் ஒவ்வொருவராக விற்பனையிலிருந்து நீக்கப்பட்டார்கள். 2021இல் நிறுவனத்தின் 35ஆம் ஆண்டை ஒட்டி முதல் ஆறு பேரும் பழைய உடைகளோடு மீண்டும் வந்தார்கள். சமந்தாவோ 2014இல் திரும்பி வந்தபோது தன் பழைய கட்டம்போட்ட உடைக்குப் பதிலாக இளஞ்சிவப்பு உடையில் வந்தாள். சேகரிப்பவர்கள் பலருக்கு அது இன்றும் ஆறாத மனக்குறை. புதுப் பொம்மையின் விலை நூறு டாலருக்கு மேல். அதே விலைக்கோ குறைவாகவோ, கொஞ்சம் பொறுமையிருந்தால் பழைய பொம்மையை அவளுடைய உடையோடும் சில சாமான்களோடும் சேர்த்தே வாங்கிவிட முடியும்.

பழையதை வாங்குபவர் படத்தைப் பார்த்து முடிவெடுக்காமல் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். கண்ணின் கருவிழி வெள்ளி பூசியதுபோல் வெளிறியிருக்கிறதா? அப்படி இருந்தால் அதை வீட்டில் சரிசெய்வது கடினம். விலையை நன்றாகக் குறைக்க வேண்டும். கையும் காலும் தொங்குகின்றனவா? உள்ளே இருக்கும் மீள்கயிறு தளர்ந்திருக்கும். கழுத்துக் கயிற்றை அவிழ்த்துத் துணி உடலைத் திறந்து இறுக்கிவிடலாம், பொறுமைதான் வேண்டும். வினைல் கைகால்களில் கருஞ்சிவப்போ கருநீலமோ படிந்திருக்கிறதா? அது உடையின் சாயம் ஏறியது. முகப்பருவுக்குத் தடவும் பென்சாயில் பெராக்சைடு களிம்பைக் கறையின்மேல் பூசி வைத்தால் மெல்ல மெல்லக் குறையும், ஆனால் பூசியது கொஞ்சம் தாண்டினாலும் சுற்றியுள்ள நிறமும் சேர்ந்து வெளுக்கும். தலைமுடி சிக்கலாக இருந்தால் தண்ணீர் தெளித்துக் கம்பிப்பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சீவ வேண்டும். சூடான காற்றுக்கருவியை அருகிலேயே கொண்டுபோகக் கூடாது. இன்னொன்று: நிறுவனமே நடத்தும் பொம்மை மருத்துவமனைக்குப் பழைய பொம்மையை அனுப்பினால், பழுதான தலைக்குப் பதில் புதிய தலையையே பொருத்தி அனுப்புவார்கள். பழைய முகத்துக்காக வாங்கியவர்கள் இதைத் தெரிந்துகொண்டு அனுப்புவது நல்லது.

குழந்தை தினமும் விளையாடப் போகிறாள் என்றால் புதுப் பொம்மையும் பழைய சாமான்களும் என்ற கலப்பே சிறந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. காட்சிக்கு மட்டும் என்றால் இரண்டும் பழையதாகவே இருக்கட்டும். பழைய பொம்மையை வாங்கிப் புதுச் சாமான்களை அடுக்குவதுதான் நான் பரிந்துரைக்காத ஒரே சேர்க்கை. தொடக்க காலத்துச் சாமான்களில் மரமும் உலோகமும் துணியும் இருந்த இடங்களில் பின்னாளில் பிளாஸ்டிக் புகுந்தது. பழைய முகத்தின் அருகில் அது உடனே கண்ணை உறுத்தும்.

இனி யாருடைய அறை என்ற கேள்விக்கு வருவோம். இதில்தான் ஒருத்திக்கும் இன்னொருத்திக்கும் இடையே உண்மையான வேறுபாடு இருக்கிறது.

சமந்தாவின் அறை பார்க்க மிக அழகானது, நிரப்ப மிகக் கடினமானது. 1904ஆம் ஆண்டின் செல்வந்தர் வீட்டில் வெற்றிடம் என்பதே இருக்காது. பித்தளைக் கட்டில், சரிகை விரிப்பு, பூப்போட்ட சுவர்த்தாள், பிரம்பு மேசை, முகம் கழுவும் மேசைமேல் குவளையும் கிண்ணமும், சுவர் நிறையப் படங்கள் என்று எல்லாம் இருந்தால்தான் அது அந்தக் காலம். பாதி நிரப்பிய சமந்தாவின் அறை பாதி முடிந்த அறையாகத் தோன்றாது, காலியான அறையாகவே தோன்றும். இதற்கு ஒரு பெரிய உதவி உண்டு: அமெரிக்க அஞ்சல்வழி விற்பனை நிறுவனமான சியர்ஸின் 1902, 1908 ஆண்டுப் பொருள் பட்டியல்கள் மறுபதிப்பாகக் கிடைக்கின்றன. அக்கால நடுத்தர, மேல்தட்டு வீடுகளில் என்னென்ன இருந்தன, எப்படி இருந்தன, என்ன விலை என்பதெல்லாம் அவற்றில் படத்தோடு இருக்கும். கரடிப் பொம்மை வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அதிபர் தியடோர் ('டெடி') ரூஸ்வெல்ட் வேட்டையில் கரடியைச் சுட மறுத்த நிகழ்ச்சி 1902இல் நடந்தது, அதையொட்டியே டெடி பொம்மைகள் வந்தன, 1904இல் வைக்கலாம், ஆனால் அது புத்தம் புதிய நாகரிகப் பொருளாக இருக்கும், நைந்து போனதாக இருக்கக் கூடாது.

மோலியின் அறை இதற்கு நேர்மாறாக மலிவானது, எளிதானது. 1944இன் காகிதப் பொருள்களே அந்த அறையின் உயிர்: பங்கீட்டு அட்டை, கடல் கடந்து வந்த கடிதம், வானொலிப் பெட்டியின் அருகே ஒரு உலகப்படம். மோலியின் தந்தை இங்கிலாந்தில் போர்க்கால மருத்துவராகப் பணிபுரிபவர் என்பதால், சன்னலில் சிவப்புக் கரையிட்ட, நீல நட்சத்திரம் கொண்ட வெள்ளைக் கொடி தொங்க வேண்டும். குடும்பத்தில் ஒருவர் படையில் இருக்கிறார் என்பதற்கு அமெரிக்க வீடுகளில் அதுவே அடையாளம். இந்த ஒற்றைத் துணி, விலையுயர்ந்த எந்த மரச்சாமானையும் விட அதிகம் சொல்லிவிடும். அவளுடைய கைப்பையோடு ஓர் எஃகுக் காசு வந்தது. செம்பு போருக்குத் தேவைப்பட்டதால் 1943இல் அமெரிக்கா ஒரு சென்ட் நாணயங்களை எஃகில் அடித்தது. உண்மை அளவிலான காசு பொம்மையின் கையில் ஒரு தட்டைப்போல் இருக்கும் என்பது வேறு விஷயம்.

என்னைக் கேட்டால், முதல் அறையாக ஆடியின் கூரையடி அறையைச் சொல்வேன். வட கரோலினாவில் அடிமைப்பட்டிருந்த ஆடியும் அவள் தாயும் 1864இல் தப்பித்து ஃபிலடெல்பியாவுக்கு வருகிறார்கள். தாய்க்கு ஒரு தையல் கடையில் வேலை கிடைக்கிறது. அந்தக் கடைக்கு மேலே உள்ள கூரையடி அறையில்தான் இருவரும் வாழ்கிறார்கள். சாய்வான கூரை, ஒரு சிறிய சன்னல், ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு மண்ணெண்ணெய் விளக்கு, ஒரு தையல் கூடை. அறையில் இவ்வளவுதான் இருக்க முடியும் என்பதால் ஒவ்வொரு பொருளும் சரியாக இருந்தாக வேண்டும். சரியாக இருந்தால் அறை அன்றே முடிந்துவிடும். சாய்வான கூரை இன்னொரு நன்மையையும் தருகிறது: முன்பக்கம் உயரமும் பின்பக்கம் தாழ்வுமாக இருப்பதால், ஆழமில்லாத அலமாரியில்கூட ஆழம் இருப்பதுபோல் தோன்றும். ஆடியின் கழுத்தில் ஒரு சோழி உண்டு, ஆப்பிரிக்காவிலிருந்து கடத்தி வரப்பட்ட கொள்ளுப்பாட்டியின் நினைவாக. தப்பித்து வந்த வழியில் குடித்த தண்ணீருக்கு ஒரு சுரைக்குடுக்கையும் அவள் சாமான்களில் உண்டு. இந்த இரண்டும் தொலைந்த பழைய ஆடியை வாங்க நேர்ந்தால், சோழியை மாற்றுவது எளிது. மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள சுரைக்குடுக்கை கிடைப்பதுதான் அரிது.

இந்த அறையைத் தேர்ந்தெடுப்பவர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆடி இந்தத் தொகுப்பின் முதல் கறுப்பினச் சிறுமி. முதல் கறுப்பினப் பொம்மையை அடிமைத்தனத்தின் கதையோடுதான் தர வேண்டுமா என்ற விமர்சனம் அவள் வந்த 1993 முதல் இருந்துவருகிறது. அந்த விமர்சனத்தை அறிந்து அறையை அமைப்பது வேறு, அறியாமல் அமைப்பது வேறு. வறுமையை அழகான பழுப்பு நிறமாக மாற்றி, கிழிந்த திரையைக் கலையாக வைத்துவிடும் ஆபத்து இதில் உண்டு. ஆடியின் தாய் தையல்காரி. அந்த வீட்டில் எதுவும் கிழிந்து தொங்காது, தைத்துச் சீராக்கப்பட்டிருக்கும். எழுத்துப் பயிலும் பலகையும் புத்தகமும் மேசையின் நடுவில் இருக்க வேண்டும், ஏனென்றால் ஆடியின் கதையில் எழுத்தறிவுதான் அவள் வென்றெடுத்த முதல் சொத்து.

மற்றவர்களைப் பற்றி ஓரிரு வரிகள் போதும். ஹோசஃபீனாவின் நியூ மெக்சிகோ அறைக்கு வெள்ளையடித்த மண்சுவரும் மூலை அடுப்பும் வேண்டும்; சுவரைக் கட்டத் தெரிந்தவர்களுக்கு மிக எளிய அறை, மரச்சாமானை மட்டும் நம்புகிறவர்களுக்குப் பொருந்தாது. கிட்டின் பரண் அறையும் ஆடியின் அறையைப் போலவே இடத்தைச் சேமிக்கும்; ஒரு தட்டச்சுப் பொறி கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஃபெலிசிட்டியின் வில்லியம்ஸ்பர்க் வீட்டுக்கு, பலகையைச் செங்குத்தாகச் சாய்த்துச் சுவரோரம் ஒதுக்கிவைக்கக் கூடிய வட்டத் தேநீர் மேசை ஒன்று பிளெசன்ட் கம்பெனியே செய்தது; இந்தத் தொகுப்பின் மிக நேர்த்தியான மரச்சாமான்களில் அது ஒன்று, பழைய சந்தையில் அதன் விலையும் அதற்கேற்றபடி இருக்கும். 1764இன் நெஸ் பெர்ஸ் பழங்குடிச் சிறுமி காயாவுக்கு அறை என்று ஒன்றைக் கட்டுவதே பிழை. அவளுக்கு வேண்டியது கூடாரமும் குதிரையும் திறந்த வெளியும்தான்.

மரச்சாமானை எங்கிருந்து பெறுவது என்பதில் மூன்று வழிகள் உண்டு. நிறுவனம் செய்தவை கதைக்குப் பொருந்தும், பிற்காலத்தில் விற்றாலும் விலை கிடைக்கும். ஆனால் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டவற்றின் விலை மளமளவென்று ஏறிவிடும். 'அவர் ஜெனரேஷன்' (Our Generation) போன்ற பிற பெயர்களில் வரும் சாமான்கள் 18 அங்குலப் பொம்மைக்கென்றே செய்யப்பட்டவை, மலிவானவை. பெரும்பாலும் இக்காலத்துக்கு உரியவை. அவற்றில் எளிய மரக்கட்டிலோ பெஞ்சோ கிடைத்தால் வண்ணத்தைச் சுரண்டிப் பழைய காலத்துக்கு மாற்றலாம். இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக்கை எவ்வளவு சுரண்டினாலும் அது 1864க்குப் போகாது. மூன்றாவது வழி தச்சரிடம் சொல்லிச் செய்வது. கனமான மரச்சாமானை அமெரிக்காவிலிருந்து வரவழைக்கும் அஞ்சல் செலவு சில வேளைகளில் சாமானின் விலையையே மிஞ்சிவிடும் என்பதால், தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருந்து சேகரிப்பவர்களுக்கு இதுவே மிக நல்ல வழி.

தச்சரிடம் போகும்போது மூன்றால் வகுத்த அளவுகளை மட்டும் கொடுத்தால் போதாது. சாதாரண நாற்காலியின் இருக்கை உயரம் 45 சென்டிமீட்டர் என்றால் பொம்மைக்கு 15. மேசையின் உயரம் 75 என்றால் 25. இதுவரை சரி. ஆனால் இந்தப் பொம்மைக்கு முழங்கால் மடங்காது. உட்காரும்போது கால்கள் நேராக முன்னால் நீண்டு நிற்கும். ஆகவே மேசைப்பலகைக்குக் கீழே குறுக்குச் சட்டம் தாழ்வாக இருந்தால் கால்கள் அதில் முட்டி, பொம்மை மேசையிலிருந்து ஒரு சாண் தள்ளியே உட்கார்ந்திருக்கும். இருக்கைக்கும் மேசைச் சட்டத்துக்கும் இடையே அவள் தொடையின் பருமனுக்குமேல் இடைவெளி இருக்க வேண்டும். பொம்மையையே தச்சரிடம் எடுத்துப்போய் உட்கார வைத்துக் காட்டிவிடுவது எல்லா அளவுகளையும் விடத் தெளிவானது. கட்டிலைப் பொறுத்தவரை ஏமாற்றலாம்: உண்மையான கட்டிலின் மூன்றில் ஒரு பங்கு 63 சென்டிமீட்டர், ஆனால் 52 இருந்தாலே பொம்மை படுத்துவிடும், அறையிலும் இடம் மிஞ்சும்.

சிறு பொருள்களில்தான் நம்மவர்களுக்கு ஒரு சோதனை காத்திருக்கிறது. நம் வீடுகளில் இருக்கும் பித்தளைச் சொப்புச் சாமான்கள் அளவில் ஏறத்தாழ மிகச் சரியாக இருக்கும். ஆனால் இடுப்பில் வைத்துச் சுமக்கும் குடத்தின் வளைவு ஃபிலடெல்பியாவின் கூரையடி அறைக்கோ மினசோட்டாவின் மரக்குடிலுக்கோ உரியதல்ல. உலக்கை, அம்மி, இட்லிக் கொப்பரை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டால் சாதாரணக் கிண்ணமும் கரண்டியும் தட்டும் மிஞ்சும். அவற்றைத் தயங்காமல் பயன்படுத்தலாம். கொலுவில் கிருஷ்ணரைவிடக் கிளி பெரிதாக இருந்தாலும் யாரும் கேட்பதில்லை. இந்த அறைகளில் ஒரு தேநீர்க் கோப்பை அரை அங்குலம் பெரிதாகிவிட்டாலும் பார்ப்பவர் கண் அங்கேயே போய் நிற்கும். உண்மைக் கோப்பையின் விட்டம் எட்டு சென்டிமீட்டர் என்றால் பொம்மையின் கோப்பை மூன்றுக்குள் இருக்க வேண்டும். எஸ்பிரெஸோ கோப்பையைக் கொண்டு வந்து வைக்கிறவர்கள் அவளுக்கு ஒரு வாளியை நீட்டுகிறார்கள்.

காகிதப் பொருள்களை இலவசமாகவே செய்துவிடலாம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 'குரோனிக்ளிங் அமெரிக்கா' என்ற திட்டத்தின் கீழ்ப் பழைய செய்தித்தாள்களை ஒளிவருடிப் பொதுவில் வைத்திருக்கிறது. கதை நடக்கும் மாதத்தின் முதல் பக்கத்தை இறக்கி, 33 விழுக்காட்டுக்குச் சுருக்கி, வெள்ளைத் தாளில் அல்லாமல் மெலிந்த பழுப்புத் தாளில் அச்சிட்டால் மேசைமேல் வைக்க ஒரு செய்தித்தாள் தயார். பக்கத்தை ஒரேயடியாக மஞ்சளாக்கிவிடாதீர்கள். 1864இல் அந்தச் செய்தித்தாள் அன்றைய நாளிதழ். அறைக்குள் அது புதியதாகத்தான் இருக்க வேண்டும். விளக்குகளிலும் இந்தக் கவனம் வேண்டும்: 1854இன் குடிலில் மெழுகுவர்த்தி, 1864இல் மண்ணெண்ணெய் விளக்கு, 1904இல் வாயு விளக்கும் மின்விளக்கும் அருகருகே. உடைகளின் முதுகில் இருக்கும் வெல்க்ரோ பட்டையை மட்டும் யாரும் கேள்வி கேட்பதில்லை. அது 1774இலும் இருக்கிறது, 1864இலும் இருக்கிறது. பொம்மையைச் சுவரோரம் முதுகு காட்டாமல் நிறுத்துவதே அதற்கு மருந்து.

அமெரிக்க வரலாறே வேண்டாம், ஐரோப்பா வேண்டும் என்பவர்களுக்கு பிரிட்டனின் 'எ கேர்ள் ஃபார் ஆல் டைம்' பொம்மைத் தொகுப்பு உண்டு. இங்கிலாந்தின் டியூடர் மன்னர்கள் காலத்து மட்டில்டாவில் தொடங்கும் இந்தப் பொம்மைகள் 16 அங்குலம். முகமும் உடையும் நேர்த்தியானவை. ஆனால் மரச்சாமான் என்று வந்தால் எல்லாவற்றையும் தேடியோ செய்தோதான் ஆக வேண்டும். 18 அங்குலத்துக்குச் செய்தவை அவளுக்குச் சற்றே பெரிதாகத் தெரியும். அறையில்லாமல் பொம்மையை மட்டும் காட்சிப்பேழையில் நிறுத்த விரும்புகிறவருக்கு இதை முதல் தேர்வாகவே சொல்லலாம்.

எந்த வழியில் போனாலும் அறையை வெயில் படாத சுவரில் அமைக்க வேண்டும். சாயமிட்ட பருத்தியும் பட்டும் முதலில் வெளுக்கும், விக் பிறகு காயும். நம்மூர் ஈரப்பதத்தில் உலோகக் கட்டிலும் துருப்பிடிக்கும். மோலியின் கருநீலச் சட்டையையோ கருஞ்சிவப்பு உடை எதையோ பொம்மைக்கு உடுத்தி மாதக்கணக்கில் விட்டுவைத்தால் சாயம் வினைலில் இறங்கிவிடும். காட்சியில் இல்லாத நாட்களில் வெளிர் உடைக்கு மாற்றிவிட வேண்டும், அல்லது உள்ளே ஒரு வெள்ளைப் பருத்திச் சட்டை போட வேண்டும். மடித்து வைக்கும் உடைகளுக்கு நடுவே அமிலமற்ற மெல்லிய தாளை வையுங்கள், நாப்தலின் உருண்டை வேண்டாம். அதன் ஆவி பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

வாங்கும் வரிசையைச் சொல்வதானால், முதலில் அலமாரியை அளந்து, பிறகு கட்டிலை வாங்கிப் போட்டு, அது இடத்தில் உட்கார்ந்த பிறகே மேசைக்கும் நாற்காலிக்கும் போக வேண்டும். பெரிய சாமான்கள் நின்ற பின் ஒரு மாதம் எதையும் வாங்காமல் விட்டுவையுங்கள். எந்த மூலை காலியாக இருக்கிறது, எது காலியாகவே இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும். பொம்மையை அதற்குள் தேடிக்கொண்டிருக்கலாம். உடையும் சாமான்களும் சேர்ந்த மொத்தமாக யாராவது விற்றால், தனித்தனியாக வாங்குவதைவிட அதுவே எப்போதும் மலிவு. அப்படி வாங்கும் மொத்தத்தில் வேறொருத்தியின் காலணியோ மோலியின் பள்ளிப் பையோ கலந்திருந்தால் அதை ஆடியின் அறையில் ஒளித்து வைக்க முயலாமல் அடுத்தவருக்கு விற்றுவிடுங்கள். அந்தப் பணத்தில் ஒரு விளக்கு வாங்கலாம்.